எல்லாமே 'ரிக்வெஸ்டட்'

"பியோ அண்ணே, பத்துக் கேள்விக்கும் ஒரே பதிலா? கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?"

சேரின் டீச்சர் விடைத்தாளைத் தூக்கிக் காட்டினாள். தென்கொரியாவின் பூசான் நகரில், ஒரு பேட்டை மன்றத்தில், சனிக்கிழமை காலை ஆங்கில வகுப்பு கொல்லென்று சிரித்தது.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதாக மாற்றி எழுத வேண்டும். உத்தரவு என்றால் 'ஆர்டர்ட்', கெஞ்சினால் 'பெக்ட்', வேண்டுகோள் என்றால் 'ரிக்வெஸ்டட்'. பியோ கில்சு எல்லாவற்றுக்கும் 'ரிக்வெஸ்டட்' என்றே எழுதித் தள்ளியிருந்தார். அறுபத்திரண்டு வயது. டீச்சர் குடியிருக்கும் அடுக்குமாடியில்தான் வாட்ச்மேன்.

"ஏழாவதைப் பாருங்க. 'உடனே துடை!' என்று அந்தம்மா கத்தினாள். கத்தினாள்னு கேள்வியிலேயே இருக்கு! அது எப்படிண்ணே வேண்டுகோளாகும்?"

பியோ தலையைச் சொறிந்தார். "கத்தினதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கணுமா டீச்சர்?"

மறுபடியும் சிரிப்பு.

"பாஸாக அறுபது வேணும். மத்த பகுதியெல்லாம் சேர்த்தும் உங்களுக்கு அம்பத்தெட்டுதான்."

அவர் முகம் வாடிவிட்டது. வருஷக் கடைசியோடு கேமரா வைத்துவிட்டு வாட்ச்மேன்களை நிறுத்தப்போகிறார்கள். கடற்கரை ஹோட்டலில் வாசல் வேலை தயாராக இருந்தது. இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் குறை.

"இன்னொரு தடவை எழுத விடுவீங்களா?"

"அதெல்லாம் கிடையாது. அடுத்த வருஷம் வாங்க."

கறாராக இருந்துவிட்ட திருப்தியோடு சேரின் வீடு திரும்பினாள். படிக்கட்டு துடைக்கும் சுனோக் அம்மா, கையில் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவோடு கதவோரம் நின்றிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"நேத்து சொல்லி அனுப்பினீங்களே, அதுக்குத்தான். 'முட்டி வலியோட அவசரப்பட வேணாம், முடிஞ்சப்போ நாலாவது மாடிப் படியைத் துடைச்சுடுங்க'ன்னு டீச்சர் கேட்டுக்கிட்டாங்கன்னு பியோ அண்ணன் வந்து சொன்னார். என் முட்டி வலியெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களே!"

சேரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுனோக் அம்மாவுக்கு முட்டி வலி என்பதே இப்போதுதான் தெரியும். நேற்று இன்டர்காமில் பியோவிடம் அவள் கத்தியது வேறு. 'அந்தப் பொம்பளையை உடனே வந்து துடைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா வேலை போயிடும்!'

"நான் இங்கே வந்து எட்டு வருஷம் ஆச்சு டீச்சர். நாப்பது வீடு, எல்லாச் சேதியும் பியோ அண்ணன் மூலமாத்தான். ஒருத்தராவது எனக்கு உத்தரவு போட்டிருக்கணுமே! எல்லாரும் கேட்டுக்கத்தான் செய்யறாங்க. இப்படித் தங்கமான மனுஷங்க எங்கே கிடைப்பாங்க?"

அவள் போனதும் சேரின் இன்டர்காமை எடுத்தாள்.

"பியோ அண்ணே, புதன்கிழமை வந்து பரீட்சையை மறுபடி எழுதுங்க."

"அடடே, கண்டிப்பா வரேன் டீச்சர்!" சந்தோஷத்தில் அவருக்குக் குறும்பும் வந்துவிட்டது. "இது உத்தரவுங்களா, வேண்டுகோளுங்களா?"



"'பெக்ட்'னு எழுதிக்குங்கண்ணே."