தொங்கட்டானுக்குத் தேர்வு

"இந்தத் தடவையும் கோட்டை விட்டா, உங்க நாய்க்கு இங்க வேலை இல்லைம்மா" என்றார் மோப்ப நாய்ப் படை அதிகாரி, வியர்த்த நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்தபடி.

"விடமாட்டான் சார்! ப்ளட்ஹவுண்ட் வம்சம். மோப்பம் பிடிச்சுட்டா இவனுக்குக் காதே கேட்காது."

சொல்லிவிட்டு, பயிற்சியாளரான அவள் நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். தரையைப் பெருக்கும் அந்தக் காதுகளைத் தினமும் துடைத்துவிட்டு, தொங்கட்டான் என்று பெயரும் வைத்துப் பழக்கியவள் ஆயிற்றே!

நாய் கண்டுபிடிக்க வேண்டிய ஆளாக, அதிகாரியின் குமாஸ்தா மைதானத்தில் எங்கேயோ ஒளிந்திருந்தார். அவர் பையில் போட்டுக் கொடுத்த கைக்குட்டையைத் தொங்கட்டான் முகர்ந்தான். விருட்டென்று கிளம்பினான்.

"அப்படித்தான்டா ராஜா! விடாதே!"

ஒரு சுற்று ஓடியவன், நேராகத் திரும்பி வந்து அதிகாரி மேலேயே பாய்ந்தான். கால்சட்டை முழுக்க எச்சில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அதிகாரி 'தோல்வி' என்று எழுதினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா எழுந்து வந்தார். "என்ன சார், நாய் என் பக்கமே வரலை?"

"உன் கைக்குட்டையை மோந்துட்டு என்கிட்ட வருதுய்யா!"

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். என்னுது கொண்டுவர மறந்துட்டேன். உங்க நாற்காலியில கிடந்ததை அப்படியே பையில போட்டுட்டேன்."

"அடப்பாவி! காலையிலேர்ந்து அதைத்தானேய்யா தேடிக்கிட்டிருக்கேன்!"

அவள் துள்ளி முன்னே வந்து அந்தக் கைக்குட்டையை அதிகாரியிடம் நீட்டினாள்.

"முதல்ல எச்சிலைத் துடைச்சுக்குங்க சார். அப்புறம் அந்தத் தோல்வியை அடிச்சிடுங்க!"