நடுக்கோடு

அமெரிக்காவுக்குப் போக வேண்டிய பனியன் பெட்டிகளை லாரியில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே காலை கழிந்துவிட்டது. அங்கே இறக்குமதி வரியைக் கூட்டிவிட்டார்கள் என்று போன் வந்தால் இறக்க வேண்டும். தள்ளி வைத்துவிட்டார்கள் என்றால் ஏற்ற வேண்டும். "அந்த ஊர்ல கவர்மென்ட்டு யாவாரத்துல கையே வெக்காதுங்க. அம்பயராட்ட ஓரமா நின்னு பாத்துக்கும், அவ்வளவுதான்" என்று ஆர்டர் கிடைத்த அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தபடி சொன்னவர் மேனேஜர் ரங்கசாமி. இப்போது அடுத்த ஆர்டர் நின்றுபோய், தைக்கத் துணி இல்லை. தைக்காவிட்டால் கூலியும் இல்லை. எரிச்சலில் டெய்லர் பெண்களும் செக்கிங் பெண்களும் முற்றத்தில் கபடிக்கு இறங்கினார்கள். இறக்கிய பெட்டிகளில் இரண்டை எதிரெதிரே வைத்து, அவற்றுக்கு அடியில் செருகி இழுத்துவிட்ட பனியன் கழுத்துக்குத் தைக்கும் நாடாதான் நடுக்கோடு. டெய்லர் மரகதம் பாடிப் போனாள். இரண்டு பேரைத் தொட்டாள். காலைப் பிடித்தவளை உதறிவிட்டுத் திரும்பும்போது மேனேஜர் போனும் கையுமாக ஓடிவந்தார்.

"வரிய மறுக்கா மாத்திட்டாங்களாமா! ஏத்துங்க, ஏத்துங்க!"

லோடுமேன்கள் அந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கினார்கள். நாடா ஒரு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு லாரி வரைக்கும் இழுபட்டுப் போனது.

"கோட்ட வெச்சுட்டுத் தூக்குங்கடா!" என்று எதிரணிப் பெண்களே கத்தினார்கள்.

மரகதத்தின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சை விட்டால் அவுட். "கபடி, கபடி, கபடி" என்று முனகியபடியே, எங்கே தொட வேண்டும் என்று கையை விரித்துக் கேட்டாள்.

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவளைக் கையமர்த்தினார்.

"பொறு அம்மிணி. லைன்லயே இருக்கச் சொல்றாங்க."