முதல் தலைக்குளியல்

"நகம் படக்கூடாதும்மா. விரல் நுனியாலதான்."

அம்மா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி வைத்தாள், பச்சைக்குழந்தையின் உச்சியைத் தொடுகிற மாதிரி.

குளியலறைக்குள் பிளாஸ்டிக் முக்காலி போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். வயது நாற்பத்தொன்பது. லிஃப்ட் மெக்கானிக். பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்மண்டையில் நட்டு இன்றோடு பத்து நாள்.

நட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாகப் பொருக்கு. தலையில் எறும்புக் கூட்டம் ஏறி நின்றுவிட்டதைப் போல இருந்தது. மருந்து நுரையைத் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டாயிற்று. இனி வெதுவெதுப்பான தண்ணீரில் வட்டவட்டமாகத் தேய்த்து, பொருக்கை உதிர்க்க வேண்டும். ஷவர் கூடாது. உயரத்திலிருந்து ஊற்றவும் கூடாது.

நர்ஸ் கொடுத்த தாளை அவனே இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தான்.

"வலிக்குதா?"

"இல்லம்மா. அந்த இடத்துல உணர்ச்சியே இல்ல."

வேலை பார்க்கும் இடத்தில் யாரும் அவனைச் சும்மா விடவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்த மனுஷனுக்கு இப்போது எந்த ஊர்ப் பெண் என்று கேட்டார்கள். அவனும் சிரித்து மழுப்பினான். ஒரு மாதம் ஹெல்மெட் போடக்கூடாது. ஹெல்மெட் இல்லாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் ஒரேயடியாகப் போட்டுவிட்டு வந்தான்.

முதல் வாரம் முழுக்கச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். மணிக்கொரு தரம் அம்மா உப்புத்தண்ணீரைத் தலையில் பீய்ச்சினாள். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கி, முகம் யாருடையதோ போல் ஆகிவிட்டது.

அந்த முகத்தை அம்மா நேருக்கு நேர் பார்த்தாள். வீக்கம் இருந்த இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போட்ட திட்டம் பலிக்கிறது என்று அவனுக்குள் ஒரு நிம்மதி.

இப்போது அவள் விரல் முன்மண்டையில் மெல்லச் சுற்றியது. பொருக்கு ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரோடு ஓடியது. அடியில் அரிசி நீளத்துக்குக் கறுப்பு முடி, வரிசை வரிசையாக.

விரல் நின்றுவிட்டது.

"இதெல்லாம் வளர்ந்துடுமா?"

"வளர்ந்துடும்மா. அடையாளமே தெரியாம மாறிடுவேன் பாரு."

நிம்மதிப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். வாளியில் மக் மிதந்து, விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது.

தம்பி சின்னவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் குடும்பத்தோடு இருந்தவன். வேலை முடிந்ததும் இங்கே வந்து அம்மாவிடம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் வீட்டுக்குப் போனதே இல்லை. ஒரு மத்தியானம் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

இவனுக்கு ஏழு நிமிஷம் பின்னால் பிறந்ததால் அவன் சின்னவன். மற்றபடி ஒரே மூக்கு, ஒரே தாடை. முப்பது வயதிலேயே இரண்டு பேருக்கும் ஒன்றுபோல ஏறிய நெற்றி.

அவன் போனதிலிருந்து, சாயங்காலம் இவன் மணி அடித்ததும் அம்மா கதவைத் திறப்பாள். திறந்து, கதவைப் பிடித்தபடி ஒரு நொடி அப்படியே நிற்பாள். அப்புறம்தான், "வா" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

தினமும் அவளை இந்த முகத்தால் குத்திக் கொல்கிறோமே என்று இவன் மனதுக்குள் வெந்தான். மூக்கை மாற்ற முடியாது. தாடையை மாற்ற முடியாது. யாரிடமும் காரணம் சொல்லாமல் போய், தலையைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"டேய்," என்றாள் அம்மா. "கதவைத் திறக்கறப்போ ஒரு நொடி சின்னவன் வந்து நின்னுட்டுப் போவான்டா. இனிமே அதுவும் இல்லையா?"

அவனுக்குக் குனிந்த தலையை நிமிர்த்த முடியவில்லை.

நட்ட முடி அப்படியே நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் முக்கால்வாசி கொட்டிவிடும். வேர் மட்டும் உள்ளே இருக்கும். மறுபடி முளைத்து வர மூன்று நான்கு மாதம் ஆகும். டாக்டர் சொன்ன இதை, அம்மா பயப்படுவாளே என்று அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தான்.

"இதெல்லாம் முதல்ல கொட்டிடும்மா," என்றான். "அடுத்த வாரமே கொட்ட ஆரம்பிச்சுடும். நாலு மாசத்துக்குப் பழைய தலைதான்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

அம்மா ஈரக்கையால் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் கண்ணைச் சிமிட்டாமல், சின்னவனாகவே உட்கார்ந்திருந்தான்.