உம்மாவுக்கு வந்த போன்

கத்தாரிலிருந்து ஊருக்கு வந்தவரிடம் அசாருதீன் இரண்டு போன்களைக் கொடுத்தனுப்பியிருந்தான். பெட்டியின் மேல் பெயரும் எழுதியிருந்தான். பெரியதில் 'உம்மா'. சின்னதில் 'சஃபா'. அக்கா யும்னாவின் பெயரில் ஒன்றும் வரவில்லை.

தொண்டி வீட்டில் நடந்தது வேறு. பெரிய போன் பொண்டாட்டி சஃபாவின் கையில் இருந்தது. சின்னது உம்மாவின் மடியில்.

வீடியோ காலில் இதைக் கண்டுபிடித்த யும்னா, தம்பிக்குச் சொல்லிவிட்டு, தேவிபட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். நாத்தனார் நியாயம் கேட்க நல்ல நேரமா பார்ப்பாள்?

"வாங்க மதினி, டீ போடவா?"

"டீ கெடக்கட்டும். உம்மா பேரு போட்டு வந்த போனு உன் கையில எப்படி?"

சஃபா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குப் பெருசுதான் பிடிச்சிருந்துச்சு. மாத்திக்கிட்டேன்."

"பிடிச்சிருந்துச்சாம்ல! உம்மாவுக்குக் கண்ணு மங்கலுன்னு தம்பி பார்த்துப் பார்த்து வாங்குனது. உன் சின்னக் கைக்கு எதுக்குடி அம்புட்டுப் பெருசு?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த உம்மா ஜுனைதா, வலது கையை முந்தானைக்குள் வைத்தபடி, "விடு யும்னா. எனக்கு இதுவே போதும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க உம்மா. நீங்க குடுத்த எடம்தான் இது."

யும்னா தம்பியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சஃபா, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினான் அசாருதீன்.

யும்னா பெரிய போனைப் பிடுங்கினாள். உம்மாவின் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து இழுத்து, அதில் வைத்தாள்.

போன் நழுவித் தரையில் விழுந்தது.

"அங்கன என்ன சத்தம்?"

"நான்தான்... தட்டிவிட்டுட்டேன்" என்றாள் சஃபா அவசரமாக.

"அம்புட்டுத் திமிரா உனக்கு?" அவன் போனை வைத்துவிட்டான்.

யும்னா உம்மாவின் கையையே பார்த்தாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"உம்மா, இது எப்ப?"

"பெருநாளைக்குப் பொறவு. காலையில எந்திரிச்சா கை வெளங்கல. இவதான் ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு ஓடுனா. இப்ப இடது கை ஒண்ணுதான். சின்னதுன்னா பிடிச்ச கையோட பெருவிரலாலயே தொட்டுக்குவேன். பெருசுக்கு ரெண்டு கை வேணுமே, தாயி."

"தம்பிகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"புது வேலை. சொன்னா மறுநாளே பிளேன் ஏறிருவான். பொறவு அந்த வேலை நிக்குமா? உனக்குச் சொன்னா அவன் காதுக்குப் போயிரும். அதான் இவ வாயையும் கட்டிப்போட்டேன்."

சஃபா கீறல் விழுந்த போனை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். யும்னாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மறுபடியும் அசாருதீன் அழைத்தான்.

"என்ன லாத்தா, உம்மாகிட்டக் குடுத்துட்டாளா?"

யும்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவளைத் திட்டாதடா. உம்மாவுக்குத்தான் சின்னது பிடிச்சிருக்கு. எனக்கொண்ணு அனுப்பலையேங்கிற எரிச்சல்ல, நான்தான் உன்கிட்ட மூட்டிவிட்டுட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.