நூற்றுப் பதினேழாவது மாடு

கொட்டகையில் மாடு இல்லை.

ரத்தம் எடுக்க வந்த கால்நடை டாக்டர் ஊசிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

பென்னாகரத்தைச் சுற்றி நானூறு மாடுகளில் ரத்தம் எடுத்திருந்தாள். மனிதரின் ஈரலைத் தாக்கும் வைரஸுக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று மாடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது, எத்தனை வகையாக இருக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. இருபத்தொரு மாடுகளில் அது இருந்தது. இருபதில் ஒரே வகை. நூற்றுப் பதினேழாவது மாட்டில் மட்டும் யாரும் பார்த்திராத வகை.

அது மாதம்மாளின் மாடு.

முடிவு வந்த அன்றே, சந்தோஷம் தாங்காமல் போனில் கூப்பிட்டாள். உங்கள் மாட்டில் புதுக் கிருமி இருக்கிறது, மஞ்சள்காமாலைக் கிருமியின் இனம், மறுபடி ரத்தம் எடுக்க வருகிறேன், விற்றுவிடாதீர்கள் என்றாள்.

மாதம்மாளின் கணவர் மஞ்சள்காமாலையில் இறந்தவர் என்று அவளுக்குத் தெரியாது.

கேட்கவும் இல்லை.

வருவதற்கு நான்கு மாதமாகிவிட்டது.

மாதம்மாள் மெதுவாகச் சொன்னாள். படுக்கையில் கிடந்தவருக்குக் காலையும் மாலையும் அந்த மாட்டின் பாலைத்தான் கொடுத்தாளாம். போன் வந்த மறுநாளே அடிமாட்டு வியாபாரியை வரச்சொல்லிவிட்டாளாம். மாடு வண்டியில் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டதாம். மாதம்மாளே பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாளாம்.

"எங் கையால ஊத்திக் குடுத்தே கொன்னுட்டனே, டாக்டரம்மா."

"இல்லம்மா. அது மனுசங்களுக்கு வந்ததா இதுவரைக்கும் எங்கயும் இல்ல. அவருக்கு வந்தது வேற."

"மாட்டுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"மாட்டுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. நல்லாத்தான் இருந்திருக்கும்."

மாதம்மாள் காலிக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றாள்.

"இத அன்னிக்கே சொல்லலியேம்மா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

மாதம்மாள் உள்ளே போய் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். எனக்கு எதுவும் வேண்டாம் என்று இவள் தடுத்தாள்.

"உங்களுக்கு இல்ல. நாலு மாசமா நான் பாலே தொடல."

சூடான பாலோடு திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இவள் பெட்டியை எடுக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பால் ஆறியது.

மேலே ஆடை கட்டத் தொடங்கியது.