முதல் பெயர்

மதிவதனி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேராசிரியர் அமிர்தலிங்கத்துக்கு அது பிடித்திருந்தது. எதிராளி அழுகிறார் என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பேரம் படிந்துவிடும்.

“அழுது என்னம்மா ஆகப்போகுது? உன் பேரை எடுன்னா சொன்னேன்? ஒரு இடம் தள்ளி நில்லுன்னுதானே சொல்றேன்.”

“நீங்க என் கைடு சார். கடைசிப் பேர் எப்பவும் உங்களோடதுதான். அதுதான் இருக்குங்களே.”

“கடைசிப் பேரை வச்சு நான் என்ன பண்றது? வெள்ளிக்கிழமை டீன் வேலைக்கு இன்டர்வியூ. நல்ல ஜர்னல்ல முதல் பேரா ஒரு கட்டுரையாவது இருக்கணும்கறாங்க.”

தஞ்சாவூரில் அவர் வேலை பார்க்கும் வேளாண் கல்லூரியில் டீன் நாற்காலி காலியாகியிருந்தது. போட்டிக்கு நின்ற கோவிந்தராசுவிடம் கட்டுரைகள் இருந்தன. அமிர்தலிங்கத்திடம் ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள்.

மேஜையில் கிடந்தது மதிவதனியின் கட்டுரை. போர்வெல் தண்ணீர் கலக்காமல், ஆற்றுப் பாசனத்தில் மட்டும் குறுவை நெல் நட்டு, காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் விளைச்சல் என்ன ஆகும் என்பது சங்கதி. ஐதராபாத்திலிருந்து வரும் பெரிய ஆய்விதழ் ஒன்று அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் அதில் படித்தது ஒரே ஒரு வரி. தலைப்புக்குக் கீழே பெயர்கள் இருக்கும் வரி.

“முடியாதுங்க சார். கஷ்டப்பட்டது நான்.”

“யாரு இல்லேன்னா? நாளைக்கு உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போடணும். எனக்கு அடிக்கடி கை வலி வருதும்மா, என்னன்னே தெரியல.”

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்திருக்கும் தரகர்போல அவர் காத்திருந்தார். இரண்டாவது பெயர் தரட்டுமா என்றாள் மதிவதனி. தலையாட்டி மறுத்தார். இருவருக்கும் சம பங்கு என்று அடிக்குறிப்புப் போட்டுவிடலாமா என்றாள்.

“அடிக்குறிப்பை எவன் படிக்கிறான்?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சரிங்க சார். ஆனா நடுவுல பேர் வரிசையை மாத்தறது லேசு இல்லீங்க. ஏன் மாத்தறோம், யார் யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒத்துப்பாங்க.”

“என்ன எழுதணுமோ எழுது, போட்டுத் தர்றேன்.”

“நான் எழுதினா, மிரட்டி வாங்கிட்டாருன்னு உங்களைத்தான் தப்பா நெனைப்பாங்க. வயலைப் பிடிச்சது, நட்டது, தண்ணி வச்சது, அறுத்து எடை போட்டது எல்லாமே உங்க நேரடிப் பொறுப்புன்னு உங்க மெயில்லேர்ந்து நீங்களே எழுதிடுங்க. இனிமே எந்தக் கேள்வியா இருந்தாலும் என்னை விட்டுட்டு உங்களையே கேக்கட்டும் சார்.”

அமிர்தலிங்கத்துக்கு மனம் குளிர்ந்துபோனது. முதல் பெயரும் வந்தது, இதழோடு பேசுகிற பெரிய மனுஷப் பொறுப்பும் கொசுறாக வந்தது. கேட்காமலே கொசுறு போடுகிறாளே, பிழைக்கத் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் போனதும் கணினி முன் உட்கார்ந்து கடிதத்தைத் தட்டினார். எழுத எழுத உற்சாகம் ஏறியது. ‘வலங்கைமான் வயலில் நாற்று விட்டதிலிருந்து அறுவடை வரை நானே வரப்பில் நின்றேன்’ என்று, அவள் கேட்காத ஒரு வரியைத் தன் பங்குக்குச் சேர்த்தார். செருப்பில் சேறு ஒட்டும் என்று வரப்பை விட்டு அவர் விலகிப் பல வருடம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையுடன் இன்டர்வியூ அறைக்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அழைத்தது.

“வணக்கம் சார். முபாரக் பேசறேன், ஐதராபாத்லேர்ந்து. ஜர்னல் எடிட்டர்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த கோவிந்தராசுவுக்குக் கேட்கட்டும் என்று அமிர்தலிங்கம் குரலை உயர்த்தினார். “சொல்லுங்க எடிட்டர் சார். நம்ம பேர் முதல்ல வந்துடுச்சுங்களா?”

“வந்துடுச்சு சார், காலையிலேயே ஏத்தியாச்சு. உங்க கடிதத்தைப் பார்த்ததும்தான் எங்களுக்கு உசிரே வந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு அலுத்துட்டோம். வயல்ல கூடவே நின்னவங்க பதில் சொல்வாங்கன்னு போன வாரம்தான் எழுதுச்சு.”

“தாராளமாக் கேளுங்க. எனக்குத் தெரியாத வயலா.”

“தப்பா எடுத்துக்காதீங்க. பதில் சரியில்லேன்னா கட்டுரையை நிராகரிச்சு, முதல் பேர் யாரோ அவங்களைப் பத்தி அவங்க காலேஜுக்கு எழுதிடணும். அது எங்க முறை.”

“எழுதுங்களேன். எனக்கென்ன பயம்?” கோவிந்தராசுவைப் பார்த்துச் சிரித்தார். “உங்க பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கே, எந்த ஊருங்க?”

“பூர்வீகம் கீழ்வேளூர் சார். வாப்பாவுக்கு அங்க கொஞ்சம் நஞ்சை உண்டு. அதனாலதான் உறுத்துச்சு.”

“என்ன உறுத்துச்சு?”

“கட்டுரையில நட்டதாச் சொல்ற வருஷம் குறுவைக்கு மேட்டூர் அணையையே திறக்கலையே சார், எந்த ஆத்துத் தண்ணியில நட்டீங்க?”