கழுத்தில் கிடக்க வேண்டிய கார்டு

மாரிசெல்வி அன்றைக்கும் கார்டை மிஷினிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள்.

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால், அவள் நாற்காலியில் முதலாளி அய்யாத்துரை உட்கார்ந்திருக்கிறார். அவள் கார்டு அவர் கையில் இருக்கிறது.

கோவில்பட்டியில் அந்தத் தீப்பெட்டி ஆபீசில் கார்டு என்றால் சும்மா இல்லை. டூப்ளிகேட் விண்டோஸ் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அய்யாத்துரை பயந்துபோய் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போடச் சொன்னார். யோகராஜ் என்ற பையன் வந்து போட்டான். இது ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஒளிவுமறைவே இல்லை என்று பெருமையாகச் சொன்னான்.

காசு கிடையாது என்ற வரைக்கும்தான் அய்யாத்துரைக்குப் பிடித்தது.

"யாரு வேணும்னாலும் பார்க்கதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டாலே? பூட்டு போடு."

அதற்கு அர்த்தம் அது இல்லை என்று யோகராஜ் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு கொடுத்தான். சொருகி நம்பர் அடித்தால் கம்ப்யூட்டர் திறக்கும். உருவினால் பூட்டிக்கொள்ளும்.

சட்டம் போட்டது மட்டும் அய்யாத்துரை. எழுந்து போனால் கார்டு கழுத்தில் கிடக்க வேண்டும். மிஷினில் விட்டாலோ, தொலைத்தாலோ, கெடுத்தாலோ அன்றோடு வீட்டுக்குப் போய்விடலாம். எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

சொன்ன பிறகும் இவள் விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் திமிர்தானே. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றாள் மாரிசெல்வி.

"நேத்து?"

"நேத்தும் மறந்துட்டேன்."

"சோறு திங்க மறந்தியா?"

எதிர் நாற்காலி லிங்கராஜ் சிரித்தான். முதலாளி என்ன சொன்னாலும் அவன் சிரிப்பான்.

மாரிசெல்விக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே வீட்டில் உட்கார்ந்து தீக்குச்சி அடுக்கினவள். பிளஸ் டூ முடித்து, டைப்பிங் முடித்து, இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருந்தது. இது போனால் மறுபடியும் குச்சிதான்.

அய்யாத்துரை விடவில்லை. அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மிஷினில் யாரோ பில் அடித்திருக்கிறார்கள், அது யார் என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரியாது என்றாள்.

பக்கத்து நாற்காலி சுந்தரம்மாள். அய்யாத்துரையின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அவளிடம் திரும்பினார்.

"நீங்க இங்கனதான இருந்தீங்க. யாரு உக்காந்தா?"

"நான் கவனிக்கலை முதலாளி."

மாரிசெல்வி அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

"கிளம்பு" என்றார் அய்யாத்துரை.

அவள் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போகும்போது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நம்மையும் சேர்த்துப் பார்ப்பாரோ என்ற பயம். பயம் என்று சொல்லாமல், நமக்கெதுக்கு வம்பு என்று சொல்லிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து சுந்தரம்மாள் முதலாளி ரூமுக்குள் போனாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் முதலாளி உக்காந்தேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அவளாகச் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு ஸ்டாப்ளர், கால்குலேட்டர், மானிட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், தன் கார்டுக்கும் வைத்திருக்கிறாள். அதுவும் சிப் இருக்கிற அந்தத் தங்கக் கலர் சதுரத்தின் மேலேயே அப்பியிருக்கிறாள். அதுதான் அதற்கு நெற்றி மாதிரி இருந்தது என்றாள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கம்பி நார் போட்டுத் தேய்த்தாள். கார்டு செத்துப்போனது.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். மாரிசெல்வியிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள்.

"நான் சாப்பிடப் போறப்ப கார்டை விட்டுட்டுப் போறேன்க்கா, உங்க பில்லை அதுல அடிச்சுக்கோங்கன்னு அந்தப் புள்ளதான் சொல்லுச்சு. கெடுத்தது நானு. என்னைய அனுப்பிட்டு அவளைக் கூப்பிடுங்க. இந்நேரம் பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பா."

அய்யாத்துரை டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார். "ஒத்தை விரல்ல அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

சுந்தரம்மாளுக்கு விளங்கவில்லை.

"யோகராஜை வரச் சொல்லுதேன். வேற கார்டு போட்டுத் தருவான். அஞ்சு நிமிஷ வேலை. போய்ப் பில்லைப் பாருங்க."

"பிறகு அவளை ஏன் அனுப்புனீங்க?"

"யாராவது ஒருத்தர் போனாத்தான மத்த ஆளு கார்டைக் கழுத்துல போடுவான்."

"அப்ப என்னைய அனுப்பியிருக்கணும்லா."

அய்யாத்துரை கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார்.

"பில் இல்லாம லாரி போனது, ஆபீசருக்குக் கவர் போனது, எல்லாம் எங்கய்யா காலத்துல இருந்து உங்களுக்குத் தெரியும். உங்களை எப்படி வெளியில விட முடியும்? அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அதான் அனுப்புனேன்."